ட்ரெய்லர்ல ஏறும்னு சொல்லி பாய்மரப் படகை வித்தாங்க, ரூ. 3,40,000 போச்சு: யாரும் ஏமாறாதீங்க

இதைப் படிக்கிறவங்க முடிஞ்சா பகிருங்க. பழைய பொருள் வாங்கி விற்கிற ஒரு பெரிய செயலியில, கடலோரத்துல இருக்கிற ஒரு படகு யார்டு விளம்பரம் போட்டிருந்தது. அதை நம்பி நானும் என் மச்சானும் ரூ. 3,40,000 கொடுத்திருக்கோம். இப்போதைக்குப் பேர் எதுவும் போடாதீங்கன்னு வக்கீல் சொல்லியிருக்கார், அதனால செயலி பேரும் யார்டு பேரும் இங்க இல்லை. நடந்ததை மட்டும் ஒண்ணு விடாம எழுதறேன். பழைய படகு வாங்கறவங்க எதையெல்லாம் பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

வேலூர்ல இருக்கறவனுக்குப் பாய்மரப் படகு எதுக்குன்னு சிலர் கேட்கறீங்க. என் பொண்ணு சென்னையில படிக்கும்போது பாய் ஓட்டக் கத்துக்கிட்டா. மச்சான் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குடும்பமா பழவேற்காடு பக்கம் போய் ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. பாலாத்துல தண்ணி வர்றதே எப்பவோ ஒரு தடவை. சென்னைக் கடலுக்கு இங்கிருந்து 140 கிலோமீட்டர் கிட்ட ஆகும். துறைமுகத்துல இடம் பிடிச்சு மாசா மாசம் வாடகை கட்ட வசதி கிடையாது. ஆக, வீட்டுல நிறுத்தி வெச்சு, வேணும்போது ட்ரெய்லர்ல ஏத்தி வண்டிக்குப் பின்னால மாட்டி இழுத்துக்கிட்டுப் போற படகுதான் எங்களுக்கு ஆகும். அப்படிப்பட்ட படகுக்கு முதல்ல கேட்க வேண்டியது அகலம். நீளமெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இதை நல்லா விசாரிச்சுட்டுத்தான் இறங்கினோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல 93-வது விதிப்படி ரோட்டுல போற வண்டியோட மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய எட்டரை அடி. அமெரிக்காவுலயும் தனி அனுமதி இல்லாம இழுத்துக்கிட்டுப் போறதுக்கு இதே எட்டரை அடிதான் வரம்பு, முன்னாடி 8 அடியா இருந்தது. அங்க ட்ரெய்லருக்குன்னே வடிவமைச்ச பழைய படகுகள் பெரும்பாலும் 8 அடிக்குள்ள இருக்கறதுக்கு அதுதான் காரணம். 1969-ல இருந்து வர்ற கேட்டலினா 22 படகு ஏழடி எட்டு அங்குலம். மெக்ரெகர் 26-ன்னு ஒரு படகு இருக்கு. அடிவயித்துல தண்ணியை நிரப்பி அதையே எடையா வெச்சுக்கும், கரையேறும்போது தண்ணியை வடிச்சுட்டா இழுக்க லேசாயிடும். அது 26 அடி நீளம், அதுவும் 8 அடிக்குள்ளதான். சின்னப் பசங்க ஓட்டற ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், கார் கூரை மேலயே கட்டிடலாம்.

அகலம் அதிகமானா நல்லதுதானே, படகு சாயாதேன்னு ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. தாம்பாளம் மாதிரி அகலமா இருந்தா முதல்ல சுலபமா சாயாது, உள்ள இடமும் தாராளம். ஆனா ஒருதரம் முழுசா கவிழ்ந்துட்டா தலைகீழாவும் அதே மாதிரி உறுதியா நின்னுடும். நிமிர்த்தறதுக்குப் படகுக்கு அடியில தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற கனமான தகடு, அதாவது கீல், இருக்கணும். ட்ரெய்லர் விஷயத்துல அகலம் நேரடியாவே தொல்லை. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உட்கார்ற படகு தாழ்வா இருக்கும், ஆட்டம் இருக்காது, கொஞ்சம் தண்ணியிலயே இறக்கிடலாம். சக்கரத்துக்கு மேல ஏத்தி உட்கார வெச்சா எடை மேல போயிடும், வளைவுல ஆடும், இறக்கறதுக்கு ட்ரெய்லரை இன்னும் ஆழத்துக்குத் தள்ளணும். நம்ம நெடுஞ்சாலையில ஒரு தடம் மூணரை மீட்டர், கிராமத்து ஒத்தை ரோடு 3.75 மீட்டர். எதிர்ல பஸ் வந்தா என்ன ஆகும்னு நீங்களே பாருங்க.

இவ்வளவும் தெரிஞ்சதாலதான் யார்டுக்காரர்கிட்ட வாட்ஸப்ல தெளிவா கேட்டேன்: "படகு எங்க ரொம்ப அகலமோ அந்த இடத்துல, ரெண்டு பக்க ரப்பர் பட்டையும் சேர்த்து எவ்வளவு?" பதில் இப்பவும் என் போன்ல இருக்கு: "7 அடி 6 அங்குலம் சார், பட்டையோட சேர்த்து." 23 அடி நீளம், ஃபைபர் பாடி, ட்ரெய்லரோட சேர்த்து ரூ. 3,40,000. டேப் வெச்சு அளந்த போட்டோவும் வந்தது. செயலியில அவர் பேருக்குப் பக்கத்துல 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்'னு பச்சை முத்திரை.

அப்புறம் போன்ல பேசினார். அந்தப் பேச்சைத்தான் என்னால மறக்க முடியல. "சார் வேலூரா? எங்க அம்மா ஊரு குடியாத்தம் சார். கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வருஷா வருஷம் வருவோம். நம்ம பக்கத்து ஆளை ஏமாத்தி நான் இன்னா சாப்பிடப் போறேன்?" பொண்ணு எந்தக் கிளப்புல கத்துக்கிட்டான்னு கேட்டார். அவளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இனாமா வெச்சு அனுப்பறேன்னார். மச்சான் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு, "நல்ல மனுஷனா தெரியறாருப்பா"ன்னு சொன்னார். அன்னைக்கு ராத்திரியே அட்வான்ஸ் ஒரு லட்சம் போச்சு. லாரியில ஏத்தறதை வீடியோ கால்ல காட்டினதும் மீதி ரூ. 2,40,000 போச்சு. ட்ரெய்லர்ல பேரிங் மாத்தணும், அதனால இந்த ஒரு தடவை லாரியில அனுப்பறோம், ட்ரெய்லரும் அதுலயே வரும்னு சொன்னாங்க.

லாரி சத்துவாச்சாரி வந்து நின்னதும் டிரைவர் இறங்கி எங்க கேட்டைப் பார்த்தார். "இன்னாண்ணா, இந்த கேட்டுக்குள்ள இது போவுமா? வர்ற வழியில அகலம் ஜாஸ்தின்னு ரெண்டு எடத்துல நிறுத்திட்டாங்க"ன்னார். எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. மச்சான் டேப்பை எடுத்துக்கிட்டு மேல ஏறினார். ஒன்பதடி ரெண்டு அங்குலம். 2.79 மீட்டர். எங்க கேட் உள்ளளவு எட்டரை அடி. கேட்டை இடிச்சுக் கட்டலாம், ரோட்டுச் சட்டத்தை என்ன பண்றது?

அந்த போட்டோவை மறுபடி எடுத்துப் பெருசாக்கிப் பார்த்தோம். டேப்பை மேல் விளிம்புல வெக்கல. அடியில பெயின்ட் முடியற நீர்க்கோட்டுல, அதாவது படகு மிதக்கும்போது தண்ணி தொடற மட்டத்துல வெச்சிருக்காங்க. அங்க ஏழரை அடிதான். அதுக்கு மேல படகு ரெண்டு பக்கமும் விரிஞ்சுக்கிட்டே போகுது. அந்த விரிவு தெரியாத மாதிரி கீழ குனிஞ்சு போட்டோ எடுத்திருக்காங்க. அளக்கத் தெரியாத ஆள் இப்படி எடுக்க மாட்டான். ட்ரெய்லரைப் பார்த்தா அது வேற ஏதோ சின்னப் படகோடது. ரெண்டு மட்கார்டுக்கும் நடுவுல ஆறடி. இந்தப் படகு அதுல எந்தக் காலத்துலயும் உட்காராது. சட்டப்படி ட்ரெய்லரும் மோட்டார் வாகனம்தான், பதிவு வேணும். "பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு"ன்னு சொன்னாரே, ஒரு துண்டு பேப்பர்கூட வரல. லைஃப் ஜாக்கெட்டும் வரல.

லாரிக்காரர் காத்திருக்க முடியாதுன்னுட்டார். காட்பாடியில இருந்து கிரேன் வரவழைச்சு, பக்கத்துக் காலி மனையில பழைய டயர் மேல இறக்கி வெச்சிருக்கோம். கிரேன் செலவு தனி.

உடனே யார்டுக்குப் போன் போட்டேன். முதல்ல எடுத்த பையன் "ஓனர் வெளியூர்ல இருக்கார்"னான். அடுத்த தடவை "மீட்டிங்ல இருக்கார்." ஒரு வழியா அவரே எடுத்தார். குடியாத்தத்துப் பேச்சு சுத்தமா காணோம். "அகலம்னா எந்த அகலம் சார்? நாங்க சொன்னது தண்ணியில நிக்கிற அகலம்." பட்டையோட சேர்த்துன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேன்னு கேட்டேன். "அது டைப் பண்ண பையன் தப்பு." சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்க, படகை எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன். "வித்த பொருளைத் திரும்ப எடுக்கறதில்ல சார். படகு தண்ணியில ஓடறதுதானே, ரோட்டைப் பத்தி எதுக்கு இவ்ளோ கவலை?" அதுக்கப்புறம் சொன்னார் பாருங்க, அதுதான் உச்சம்: "வேணும்னா எங்க யார்டுலயே கொண்டாந்து விட்டுடுங்க, மாசம் ஆறாயிரம் வாடகைக்கு இடம் தர்றேன்." ட்ரெய்லர் படகுன்னு சொல்லி ரூ. 3,40,000 வாங்கின மனுஷன் பேசற பேச்சா இது? அதோட என் நம்பரை பிளாக் பண்ணிட்டார்.

செயலிக்காரங்க இன்னும் மோசம். முதல்ல இயந்திரம் பதில் சொல்லுது, "உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு. அப்புறம் வந்த ஒரு பொண்ணு, "நாங்க ரெண்டு பேரையும் இணைச்சு மட்டும்தான் விடறோம் சார்"னு சொல்லுது. பச்சை முத்திரைன்னா என்னம்மா அர்த்தம்னு கேட்டேன். போன் நம்பரைச் சரிபார்த்தோம்னு அர்த்தமாம். விளம்பரத்தையும் எடுத்துட்டாங்க, நான் ஸ்க்ரீன்ஷாட் வெச்சிருந்ததால தப்பிச்சது. 2020-ல வந்த மின்வணிக நுகர்வோர் விதிகள்படி, புகார் வந்த 48 மணி நேரத்துல பெற்றுக்கொண்டதா சொல்லணும், ஒரு மாசத்துல தீர்த்து வெக்கணும். இதை எழுதி அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

ரூ. 3,40,000. மச்சானோட பென்ஷன் சேமிப்புல பாதி அது. பொண்ணு போன் பண்ணி "பரவாயில்லப்பா"ன்னு சொல்றா. அவ அப்படிச் சொல்றதுதான் எனக்குத் தாங்கல.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப இருக்கற கோபத்துல இவ்வளவுதான் வருது. படகோட மேல் விளிம்புல பட்டைக்குப் பட்டை டேப் வெச்சு, உங்க ஆள் யாராவது நேர்ல நின்னு அளக்காம பத்து ரூபாகூட அனுப்பாதீங்க. படகு அதே ட்ரெய்லர் மேல உட்கார்ந்து, வண்டியில மாட்டி நகர்ற வீடியோ கேளுங்க. ட்ரெய்லர் ஆர்.சி.யை முதல்ல வாங்கிப் பாருங்க. எட்டடிக்கு மேலன்னா வேற படகு பாருங்க, எட்டரையை நம்பி நெருக்கத்துல மாட்டிக்காதீங்க. பணம் போய் ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்க, நுகர்வோர் உதவி எண் 1915. நாங்க ரெண்டுலயும் புகார் கொடுத்திருக்கோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகுது.

ஒரு உதவி வேணும். காலி மனைக்காரர் இந்த வாரத்துக்குள்ள படகை எடுக்கச் சொல்றார். சத்துவாச்சாரி, காட்பாடி, ரங்காபுரம் பக்கம் 25 அடி நீளத்துக்கு, பத்தடி வாசலோட வாடகை ஷெட் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. இதே மாதிரி நீர்க்கோட்டு அளவைக் காட்டி வேற யாரையாவது ஏமாத்தியிருந்தா, அவங்களும் இன்பாக்ஸ் வாங்க. மனுவுல சேர்த்துக்கலாம்.