வாளையாரில் விழித்திருக்க: சாயாவா, மாத்திரையா?

தமிழக-கேரள எல்லையில் வாளையார், ராத்திரி 2 மணி. சூடு தாங்காமல் கிளாஸைத் துண்டால் பிடித்தபடி லாரி டிரைவர் சொல்கிறார்: "தம்பி, அந்த மாத்திரை வேணாம்டா, சாயா போதும்." கிளீனருக்குப் புரியவில்லை. இரண்டும் தூக்கத்தை விரட்டுவதுதானே?

விரட்டும் விதம் வேறு. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற தூக்கம் வரவைக்கும் பொருள் சேர்ந்து கண் சொருகும். சாயாவின் காஃபீன், அடினோசின் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சுமார் 5 மணி நேரத்தில் பாதி கழிந்துவிடும்.

அந்த மாத்திரை வேறு ரகம். மெத் (மெத்ஆம்ஃபெட்டமின்) போன்ற ஆம்ஃபெட்டமின் போதைச் சரக்கு, நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டிய டோபமின் என்ற குஷி தரும் பொருளை மொத்தமாக வெளியே தள்ளுகிறது. அணையைத் திறந்துவிட்ட கதை, கையிருப்பு வற்றிவிடும். மூளையும் சும்மா இருக்காது, டோபமினை வாங்கும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். மெத் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 10 மணி நேரம் போல ஆகும்; குஷி அதற்கு முன்பே இறங்கிவிடுகிறது. (இதுதான் பெரிய மோசடி.) அளவைக் கூட்டினாலும் முதல் நாள் கிறக்கம் திரும்பாது. அப்புறம் எரிச்சல், வெறுமை, அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம்.

என் ஓட்டு சாயாவுக்கே. ஆனால் அதுவும் தூக்கத்தைத் தள்ளித்தான் போடும். டிரைவருக்கு அது தெரியும். கிளாஸை வைத்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டிக் கேபினில் பெட்ஷீட்டை விரிக்கிறார்.