ஸ்டேடியம் ஆர்கேடியம்: ஏறத்தாழ இருபது வருடம் கேட்ட பிறகு

அமெரிக்க ராக் குழுவான ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் இந்த இரட்டை ஆல்பம் 2006 மே மாதம் வந்தது. அந்த வருடமே சிடி வாங்கிவிட்டேன். ஜூபிடர், மார்ஸ் என்று இரண்டு தட்டு, தட்டுக்கு 14 பாட்டு, மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே. அதன் பிறகு வீடு மாறினேன், பிளேயர் மாறியது, ஹெட்போன் ஐந்தாறு மாறியது. இந்த ஆல்பம் மட்டும் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெரும்பாலும் முதலில் காதில் விழுவது ஒன்றுதான்: "பாட்டு ரொம்ப அதிகம், பாதியை வெட்டியிருந்தால் அருமையான ஆல்பமாக இருந்திருக்கும்." முதல் இரண்டு வருடம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்ல மாட்டேன். எனக்கு அலுப்பு வந்ததற்குக் காரணம் அந்த சிடி ஒலித்த விதம்தான் என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

முதலில் வெட்டுகிற விஷயம். ஒருநாள் சாயங்காலம் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளில் "வைத்துக்கொள்ள வேண்டிய 14" என்று எழுதினோம். கிட்டார் வாசிக்கிற நண்பன் மார்ஸ் தட்டின் பின்பாதியை அப்படியே எடுத்துக்கொண்டான். 90-களிலிருந்தே இந்தக் குழுவைக் கேட்கிற அண்ணன் ஒருவர் மெதுவான பாட்டுகளை எல்லாம் அடித்துத் தள்ளினார். தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் நான்கிலும் இருந்த பாட்டு ஐந்துதான். "சரி, இந்த ஐந்தைத் தவிர எதை வெட்டலாம்?" என்று கேட்டதும் சண்டை ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை.

குழுவுக்கே இந்தத் தயக்கம் இருந்திருக்கிறது. 38 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு, ஆறு ஆறு மாத இடைவெளியில் மூன்று ஆல்பங்களாக விடலாம் என்றுதான் முதலில் யோசித்தார்கள். கடைசியில் 28 பாட்டுகள் ஒன்றாக வந்தன. மீதியில் சில, சிங்கிள்களோடு (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டுகள்) சேர்ந்து வெளியாயின. பதிவு நடந்த இடம் லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யனில் இருக்கும் பழைய மாளிகை. 1991-ல் வந்த பிளட் ஷுகர் செக்ஸ் மேஜிக் ஆல்பத்தையும் அதே வீட்டில்தான் பதிவு செய்தார்கள். இரண்டுக்கும் தயாரிப்பாளர் ரிக் ரூபின். 2022-ல் ஒரே வருடத்தில் தலா 17 பாட்டோடு இரண்டு ஆல்பம் தனித்தனியாக விட்டார்களே, அப்போது எனக்கு இந்தப் பழைய திட்டம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த இரண்டையும் சேர்த்து வைத்தாலும் இந்த 28 அளவுக்கு என்னிடம் ஒட்டவில்லை.

இனி ஒலி விஷயம். ஜூபிடரில் 13-வது பாட்டு வெட் சாண்ட். கிட்டாரும் பாடகர் ஆன்தனி கீடிஸின் குரலுமாக அமைதியாகத் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் ஜான் ஃப்ரூஷியான்டே தன் கிட்டாரை அழ விடுவார். அந்த இடத்தில் கூரை திறந்துகொண்ட மாதிரி இருக்க வேண்டும். சிடியில் அப்படி இருக்காது. மெல்லிய இடமே ஏற்கெனவே உரக்க ஒலிப்பதால், உரக்க வர வேண்டிய இடம் மேலே போக இடமில்லாமல் நசுங்கி, ஓரங்களில் கரகரக்கும். அப்போதெல்லாம் வானொலியிலும் சிடியிலும் பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு ஓங்கி ஒலிக்க வேண்டும் என்ற போட்டி இருந்தது. அதற்காக மாஸ்டரிங் கட்டத்தில், அதாவது வெளியிடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும்போது, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அழுத்திச் சமமாக்குவார்கள். இதே குழுவின் 1999 ஆல்பமான கலிஃபோர்னிகேஷனுக்கும் இந்தப் புகார் உண்டு. அப்படிச் சமமாக்கிய ஒலியை ஒரு மணி நேரம் ஹெட்போனில் கேட்டால் எட்டாவது, ஒன்பதாவது பாட்டிலேயே காது சோர்ந்துவிடும். நாம் "பாட்டு அதிகம்" என்று நினைத்து நிறுத்திவிடுவோம். அப்புறம் வெட் சாண்டை எங்கே கேட்பது?

வினைல் பதிப்பை, அதாவது ஊசி வைத்துக் கேட்கும் இசைத்தட்டை, முதலில் கேட்டது ஒரு நண்பர் வீட்டில். நான்கு தட்டுகள் உள்ள பெட்டி. அதற்குத் தனியாக மாஸ்டரிங் செய்தவர்கள் ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும். நண்பர் போட்டது ஸ்லோ சீட்டா பாட்டு. சாட் ஸ்மித்தின் டிரம்ஸில் குச்சி தோலைத் தொடுகிற கணமும், அதன் பிறகு அறைக்குள் அந்தச் சத்தம் கரைவதும் தனித்தனியாகக் கேட்டது. அத்தனை வருடம் கேட்ட பாட்டில் அந்தக் கரைதலை நான் கேட்டதே இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. எட்டுப் பக்கம், பக்கத்துக்கு மூன்று நான்கு பாட்டு. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். அந்த இடைவெளியில் காது ஆறிவிடும். இரண்டு மணி நேரம் என்பது பாரமாகவே தெரியாது.

"ஃபங்க் எங்கே போயிற்று?" என்று கேட்பவர்களும் நிறைய. ஃபங்க் என்பது தாளமும் பேஸும் முன்னால் நிற்கிற துள்ளலான இசை. பழைய ரசிகர்களின் இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஃப்ளீ பேஸ் கிட்டாரைக் கட்டை விரலால் அடித்து வாசித்த காலம் வேறு. இங்கே அவர் பெரும்பாலும் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக ஓடுகிறார். ஆனால் ஃபங்க் இல்லவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹம்ப் டி பம்ப் கேளுங்கள், நடுவில் எல்லாம் நின்று தாள வாத்தியங்கள் மட்டும் பேசும். ஃப்ளீ தன் சிறுவயது வாத்தியமான டிரம்பெட்டையும் கையில் எடுத்திருக்கிறார். வார்லாக்ஸ் பாட்டில் கிளாவினெட் என்ற கீபோர்டு வாத்தியத்தை வாசித்தவர் பில்லி பிரெஸ்டன். ஆல்பம் வந்த அடுத்த மாதமே அவர் காலமானார். அந்தப் பாட்டை நான் தாண்டிப் போகாமல் கேட்பது அந்த வாசிப்புக்காகத்தான்.

கிட்டார்காரர்கள் இந்த ஆல்பத்தைக் கொண்டாடுவதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஸ்நோ பாட்டின் தொடக்க ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் துணுக்கு) கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. காதுக்கு எளிமையாக இருக்கும், வாசிக்கப் போனால் விரலை ஒரு நொடி சும்மா இருக்க விடாது. முதல் நிமிடம் சரியாகப் போகும், இரண்டாவது நிமிடத்தில் முன்கை இறுகிவிடும். வேகம் பிரச்சினையே இல்லை, கையைத் தளர்வாக வைத்துக்கொண்டே கடைசிவரை போவதுதான் கஷ்டம். பின்னணியில் ஃப்ரூஷியான்டே பாடும் சேர்ந்திசைக் குரல்களையும் கவனியுங்கள். டெசக்ரேஷன் ஸ்மைலின் கோரஸில் அந்தக் குரல் இல்லாவிட்டால் பாட்டே நிற்காது. 2009-ல் அவர் விலகிய செய்தி வந்தபோது நான் உட்கார்ந்து கேட்டது அதைத்தான். பத்து வருடம் கழித்து, 2019 டிசம்பரில் திரும்பி வந்தார்.

விருதுகளுக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் இந்தக் குழுவின் முதல் நம்பர் ஒன் ஆல்பம் இதுதான், 2007 கிராமியில் சிறந்த ராக் ஆல்பம் விருதும் வாங்கியது.

எல்லாமே பிடித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. கமான் கேர்ள், ஸ்டார்ம் இன் எ டீகப் இரண்டும் இத்தனை வருடம் கழித்தும் மனதில் உட்காரவில்லை. கீடிஸின் வரிகளில் ஓசைக்காக மட்டும் வந்து விழுந்த சொற்கள் நிறைய, பொருள் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் நேராகப் பேச வேண்டும் என்று அவர் நினைத்த இடங்களில் நன்றாகவே பேசியிருக்கிறார். ஹார்ட் டு கான்சன்ட்ரேட் கல்யாணம் கேட்கும் பாட்டு, சுற்றிவளைப்பே கிடையாது. கடைசிப் பாட்டு டெத் ஆஃப் எ மார்ஷன், ஃப்ளீயின் நாய் இறந்ததைப் பற்றியது. மார்ஷன் என்பதே நாயின் பெயர்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரபலமான டானி கலிஃபோர்னியாவில் தொடங்கி வரிசையாகப் போகாதீர்கள். சிங்கிளாக வந்த ஐந்து பாட்டுகளும் தட்டுகளின் முன்பாதியிலேயே முடிந்துவிடும். மார்ஸை முதலில் எடுங்கள், அதுவும் வேறொரு நாளில் கேட்கிற தனி ஆல்பமாக. வினைல் கிடைத்தால் வினைல், சிடிதான் இருக்கிறது என்றால் ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைத்து, ஏழு பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நான் இப்போது அதிகம் போடுவது மார்ஸின் 13-வது பாட்டு, டர்ன் இட் அகெய்ன். முடிவில் கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும் இடத்தில் எத்தனை அடுக்கு என்று எண்ணுவேன். போன வாரம்கூட இடது பக்கத்தில் அதுவரை பிரித்துக் கேட்காத ஒரு கிட்டார் கிடைத்தது.