சந்தைத் தகவல் தருகிறோம் என்று சந்தா கேட்பவர்களிடம் நான் ஏமாந்த கதை

சின்ன அளவில் தள்ளுபடிக் கடை நடத்துகிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். போன வருடம் ஒரு வருடச் சந்தாப் பணத்தையும், பன்னிரண்டு பெட்டிச் சரக்கில் முடங்கிய முதலையும் இழந்தேன். என்னை ஏமாற்றியவர்கள் இன்னும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். போன வாரம் எனக்குத் தெரிந்த இன்னொரு கடைக்காரருக்கும் அவர்களிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது.

சந்தா கட்டினால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனுக்கு ஓர் அறிக்கை வரும் என்றார்கள். எந்தப் பொருளுக்கு டிமாண்ட் ஏறுகிறது, எதற்கு இறங்குகிறது, அடுத்த மாதம் ஜனங்கள் எதைக் கேட்டு வருவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்குமாம். எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது. பெரிய கடைகளில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. நம் கடையில் கொள்முதல், கல்லா, கணக்கு எல்லாம் ஒரே ஆள்தான். ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு சந்தையைப் பற்றிப் படிக்க நேரம் ஏது? சரி என்று கட்டினேன்.

முதல் ஆறு வாரம் அறிக்கை ஒழுங்காக வந்தது. மழைக்கு முன் குடை வாங்கி வையுங்கள், பள்ளி திறக்கும் முன் நோட்டு வாங்கி வையுங்கள் என்று யாருக்கும் தெரிந்த, தவறிப்போக வழியே இல்லாத யோசனைகள். ஆனாலும் அவர்கள் சொன்னது நடந்ததால் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த ஆறு வாரமும் அதற்காகத்தான் என்று இப்போது புரிகிறது.

ஏழாவது வாரம் ஒரு விளக்கைப் பற்றி எழுதியிருந்தார்கள். சுவரில் சூரியன் மறைவது மாதிரி ஆரஞ்சு நிற வட்டம் விழுமே, அந்த விளக்கு. கூடவே கூகுள் டிரெண்ட்ஸ் வரைபடம் ஒன்று. ஒரு பொருளை ஜனங்கள் கூகுளில் தேடுவது எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று காட்டுகிற பக்கம் அது. கோடு 50-க்குப் பக்கத்தில் தொடங்கி 100-ஐத் தொட்டு நின்றது. மறுநாளே போன். "அண்ணே, இது கடைசி லாட். எங்களுக்குத் தெரிஞ்ச மொத்த வியாபாரி ஒருத்தர் இருக்கார், உங்களுக்காக எடுத்து வைக்கச் சொல்றேன். நாளைக்குக் கேட்டா கிடைக்காது." பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்கு 24, மொத்தம் 288 விளக்கு எடுத்தேன். நான்கு மாதத்தில் விற்றது 31.

அம்மாவோடு கடைக்கு வந்த ஒரு பெண் பிள்ளை அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது நான் சின்ன கிளாஸ் படிக்கிறப்பவே எல்லார் வீட்டுலயும் இருந்துச்சே" என்றாள். அன்று ராத்திரிதான் கூகுள் டிரெண்ட்ஸை நானே திறந்து பார்த்தேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த வரைபடத்தில் 100 என்பது எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை இல்லை. நாம் தேர்ந்தெடுக்கிற காலத்துக்குள் தேடல் எப்போது மிக அதிகமாக இருந்ததோ, அந்தப் புள்ளிக்கு 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதை வைத்து அளக்கிறார்கள். அதனால் காலத்தைச் சுருக்கினால் எந்தச் செத்த பொருளுக்கும் ஒரு 100 கிடைத்துவிடும். எனக்கு அனுப்பியது 90 நாள் வரைபடம். அதையே 5 வருடத்துக்கு மாற்றினேன். தொடக்கத்தில் மலை மாதிரி ஓர் உச்சம், அப்புறம் சரிவு, பிறகு தரையோடு தரையாக ஒரு கோடு. அவர்கள் காட்டிய 100, இந்தப் படத்தில் 4.

பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அச்சிட்டிருந்த தயாரிப்புத் தேதி பல வருடம் பழசு. சந்தா ரசீதையும் சரக்கு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் ஒரே வங்கிக் கணக்கு எண். தகவல் சொன்னவரும் சரக்கு விற்றவரும் ஒரே ஆள். தேங்கிய சரக்கைத் தள்ளிவிட அறிக்கை என்று ஒன்றைத் தயாரித்து, அதற்கு என்னிடமே காசும் வாங்கியிருக்கிறார்.

தேங்கிய சரக்கை வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை. நம் தொழிலே அதுதான். ஆனால் அதை அதற்குரிய விலையில் வாங்க வேண்டும். என்னிடம் சூடாக ஓடுகிற பொருளின் விலை வாங்கினார்கள். நம் கடையில் லாபம் மெல்லிசு. கொள்முதலில் தவறினால் விற்பனையில் அதைச் சரிக்கட்டவே முடியாது.

2017-இல் ஃபிட்ஜெட் ஸ்பின்னர், அதாவது விரலில் வைத்துச் சுழற்றுகிற பொம்மை, வந்த வேகம் ஞாபகம் இருக்கும். மே மாதவாக்கில் உச்சத்தில் இருந்தது, சில மாதங்களிலேயே சரிந்துவிட்டது. இப்படிப்பட்ட பொருளை முதலில் பிடிக்கும் ஓட்டம் நமக்கானது இல்லை என்று நினைக்கிறேன். அது எப்போது இறங்கத் தொடங்குகிறது, பெரிய கடைகள் மிச்சச் சரக்கை எப்போது மலிவாகக் கழிக்க ஆரம்பிக்கின்றன என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். அதற்குச் சந்தா வேண்டாம். கூகுள் டிரெண்ட்ஸ் இலவசம், 2004 முதல் தரவு இருக்கிறது. முதலில் 5 வருடம் பாருங்கள், பிறகு 12 மாதம். எப்போதும் விற்கிற குடை மாதிரி ஒரு பொருளையும் சேர்த்துப் போட்டால் புதுப் பொருள் உண்மையில் எவ்வளவு பெரிது என்று தெரியும். கோட்டின் கடைசியில் புள்ளி புள்ளியாக வருவது இன்னும் முழுதாகச் சேராத தரவு. அதை வைத்து ஆர்டர் போடாதீர்கள்.

இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்டு, என்னிடம் இல்லாத பொருளை எழுதி வைக்கிறேன். ஒரே பொருளை ஒரே வாரத்தில் ஐந்து பேர் கேட்டால் ஒரு பெட்டி மட்டும் எடுக்கிறேன். அந்த அறிக்கைகளைவிட இந்த நோட்டு எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அறிக்கை ஆலோசனை மட்டுமே, சரக்கு திரும்பப் பெறப்படாது என்று பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். ரசீது, பில், அந்த வரைபடம், போனில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து புகார் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. 257 விளக்கு பின் அறையில் இருக்கிறது.

போன வாரம் அழைப்பு வந்த அந்தக் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னேன்: "இதே பொருளுக்கு 5 வருட வரைபடம் அனுப்புங்கள்." அவர் கேட்டார். பார்த்து அனுப்புகிறோம் என்றவர்கள் அதன்பிறகு அவரை அழைக்கவே இல்லை.