கைகர் மானியும் கறுப்பு மணலும்: ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள வாகரையிலும் திருக்கோவிலிலும் கனிய மணல் அகழ்வு சர்ச்சையான பின்னர், கறுப்பு மணல் கதிர்வீசுமா என்று விசாரிப்போர் எங்கள் பக்கத்தில் கூடியுள்ளனர். அதற்காகவே கதிர்வீச்சைத் துடிப்புகளாக எண்ணிக் காட்டும் மலிவான கையடக்கக் கைகர் மானி ஒன்றை இணையவழியாக வாங்கி மட்டக்களப்பில் பாவித்து வருகிறேன்.

திரையில் முதலில் தோன்றும் எண்ணை நம்பக் கூடாது. கதிர்த்தேய்வு, அதாவது அணுக்கள் கதிர்வீசிச் சிதைவது, எழுமாறாக நிகழ்வதால், ஒரு நிமிடத்தில் 25 துடிப்புகள் பதிவானால் அதன் வழு ஏறத்தாழ 5, அதாவது 20 சதவீதமாகும். பத்து நிமிடம் அசையாமல் வைத்து 250 துடிப்புகளைச் சேர்த்தால் வழு 6 சதவீதமளவுக்கு இறங்கும். நிலத்திலிருந்தும் விண்வெளியிலிருந்தும் உடலை வந்தடையும் இயற்கைக் கதிர்வீச்சின் உலக சராசரி மணிக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோ சீவேட் (சீவேட் என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு). எங்கள் முற்றத்தில் மானி அதையொட்டியே நின்றது.

கடற்கரையில் அலை ஒதுக்கிய கறுப்பு வரியின் மேல் வைத்தபோது துடிப்புகள் தெளிவாகக் கூடின. மணலுக்குக் கறுப்பு நிறத்தைத் தருவது இல்மனைற்று என்னும் கனியம். கதிர்வீச்சுக்கோ, அடர்த்தி மிகுந்ததால் அதனோடு சேர்ந்து ஒதுங்கும் மொனசைற்று என்னும் வேறொரு கனியத்திலுள்ள, கதிர்வீசும் மூலகமான தோரியமே முக்கிய காரணம். ஆகவே கருமை கூடிய மணலெல்லாம் கதிர்வீச்சும் கூடியது என்று கொள்ள முடியாது. தவிர, இத்தகைய மானிகள் பெரும்பாலும் சீசியம்-137 இன் காமாக் கதிருக்கே அளவுதிருத்தப்படுகின்றன. மணலிலிருந்து வரும் பீற்றாத் துணிக்கைகளையும் அவை சேர்த்து எண்ணிவிடுவதால், சீவேட் கணக்கை விட்டுவிட்டு, இரு இடங்களின் துடிப்பு வீதங்களை ஒப்பிடுவதே பயனுள்ளது.

மண்ணின் நச்சுத்தன்மையையும் இதனால் அறியலாம் என்று விற்பனையாளர் விளம்பரப்படுத்தியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதை நம்பி, அம்பாறையில் வயல் செய்யும் நண்பர் ஒருவர் கிணற்று நீரைப் போத்தலில் கொண்டுவந்து மானியின் முன் வைத்தார். நீரில் மாசாகக் கலக்கும் நச்சு மூலகங்களான ஆசனிக்கும் கட்மியமும் கதிர்வீசி இதில் பதிவாகக்கூடியவை அல்ல. அவற்றை ஆய்வுகூடத்தில் அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற கருவிகளாலேயே அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குப் பரிந்துரைக்கும் எல்லை, லீற்றருக்கு ஆசனிக்கு 10 மைக்ரோகிராம், கட்மியம் 3 மைக்ரோகிராம். பொசுபேற்று உரத்தோடு வயலுக்கு வரக்கூடிய யுரேனியம் கதிர்வீசும் என்றாலும், அதற்குரிய எல்லையான 30 மைக்ரோகிராம் அளவில் நீரில் இருந்தால்கூட இந்த மானி அதை உணராது; அந்த எல்லையும் கதிர்வீச்சை முன்னிட்டன்றி, சிறுநீரகத்தைத் தாக்கும் இரசாயன நச்சை முன்னிட்டே வகுக்கப்பட்டது.

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். கிணற்றை எண்ணிக் கவலைப்படுவோர் அதே பணத்தை நீர்ப் பரிசோதனைக்குக் கட்டுவது நல்லது.