ஜெர்மனியில் வரி எண் வாங்கித் தருகிறோம் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

பெர்லினில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இணையதளம் என்னிடம் 89 யூரோ பறித்தது. இப்போதும் அந்தக் கடையை விரித்து வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சம்பளம் போட ஷ்டொயர் ஐடி, அதாவது 11 இலக்க வரி எண், உடனே வேண்டும் என்று அலுவலகத்தில் நெருக்கினார்கள். தேடியதும் முதலில் வந்தது அந்தப் பக்கம். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் பட்டை, மேலே ஒரு கழுகு. பார்த்தால் அரசாங்கத் தளம் என்றே தோன்றும். 'மூன்று நாளில் மின்னஞ்சலில் எண்' என்று போட்டிருந்தார்கள். பணம், பாஸ்போர்ட் நகல், முகவரிப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் பதிலே இல்லை. எண் இல்லாததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரியைப் பிடித்துவிட்டார்கள். இருப்பதிலேயே அதிகமாகப் பிடிக்கும் வகுப்பு அது. வீட்டு வாடகைக்கே திண்டாட வேண்டியதாகிவிட்டது.

உண்மை என்னவென்றால், அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, முடித்தாலே போதும். மத்திய வரி அலுவலகம் தானாக எண்ணை ஒதுக்கித் தபாலில் அனுப்பிவிடும். ஒரு சென்ட் செலவில்லை. சில வாரம் ஆகும், அவ்வளவுதான். கடிதம் தொலைந்தால் அந்த அலுவலகத்தின் தளத்திலேயே இலவசமாக மறுபடி கேட்கலாம். அதுவும் பதிவு செய்த முகவரிக்குத் தபாலில்தான் வரும். போனிலோ மின்னஞ்சலிலோ சொல்ல மாட்டார்கள். அப்படியிருக்க, மூன்று நாளில் மின்னஞ்சலில் தருகிறோம் என்பது அப்பட்டமான பொய்.

எனக்கு ஏன் வரவில்லை? உள்வாடகை வீடு அது. தபால் பெட்டியில் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான் இருந்தது. இங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். ஒரு துண்டுத் தாளில் பெயரெழுதி ஒட்டினாலும் போதும், வந்த அன்றே ஒட்டிவிடுங்கள். கடைசியில் பாஸ்போர்ட்டோடு எங்கள் பகுதி ஃபினான்ஸாம்ட்டுக்கு, அதாவது உள்ளூர் வரி அலுவலகத்துக்கு, போனேன். கவுண்டரில் இருந்த அம்மா கணினியில் பார்த்து, எண் எப்போதோ ஒதுக்கியாகிவிட்டது என்று சொல்லி அச்சிட்டே கொடுத்தார். அதிகமாகப் பிடித்த வரியை அலுவலகத்தில் அடுத்த சம்பளத்தில் சரி செய்தார்கள்.

இன்னொன்று. எண் வராதது உங்கள் தவறில்லை என்றால், மூன்று மாதம் வரை உங்களுக்குரிய வகுப்பிலேயே வரி பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. சம்பளப் பிரிவில் தயங்காமல் கேளுங்கள்.

சமூகக் காப்பீட்டு எண்ணும் இலவசம்தான். அதற்கும் இதே மாதிரி ஆட்கள் காசு கேட்கிறார்கள். அன்மெல்டுங்குக்கு முகவரி விற்கிறவர்கள் பக்கமே போகாதீர்கள். குடியிருக்காத முகவரியைப் பதிவுக்குக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு, அங்கே பதிந்தவரும் மாட்டுவார்.

89 யூரோ போனது போகட்டும். என் பாஸ்போர்ட் நகல் இன்னும் அவர்களிடம் இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் வங்கியில் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், போலீஸில் இணையம் வழியாகவே புகார் பதியுங்கள். நானும் பதிந்திருக்கிறேன்.