கக்கத்தில் நீர் கோக்காமலிருக்க: ட்யூபா, தையலா, பசையா?

மார்பகப் புற்றுக்காகக் கக்கத்து நெறிகளை (நிணநீர் ஓடும் குழாய்களில் இருக்கும் சிறு முடிச்சுகளை) எடுத்தபின் அங்கே நீர் கோப்பது வெகு சகஜம். ரத்தக்குழாய் அறுந்தால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஓடிவந்து அடைத்துவிடும். நிணநீரில் தட்டணுக்கள் இல்லை. அதனால் நெறிகளோடு அறுந்த நிணநீர்க் குழாயின் வாய் லேசில் மூடாது. நெறிகளை எடுத்த இடத்தில் ஒரு பொந்தும் விழுந்துவிடுவதால் கசிவதெல்லாம் அங்கேயே தேங்குகிறது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியானாலும் வண்ணாரப்பேட்டைப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியானாலும் பரவலாக வைப்பது உறிஞ்சு ட்யூப்தான். அதன் நுனியில் மாட்டிய, அமுக்கி மூடிய பிளாஸ்டிக் டப்பா விரிய விரிய நீரை இழுக்கும். முழுக்க விரிந்துவிட்டால் இழுவை கிடையாது. காலி செய்து, அமுக்கி, மறுபடி மூட வேண்டும். இதை வீட்டுக்காரர்களுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பிவிடுவதுதான் எனக்குள்ள ஆற்றாமை. கடையத்துக்கோ முக்கூடலுக்கோ டப்பாவை மஞ்சப்பைக்குள் வைத்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு வேறு யார் சொல்வார்கள்? வடிவது ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் ட்யூபை எடுப்பது பொதுவான கணக்கு. சில டாக்டர்கள் 50 வரை விடுவார்கள். ஆனால் ட்யூப் கசிவை நிறுத்துவதில்லை, வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவே. நாள் கூடக்கூடக் கிருமி ஏறவும் அது வழி.

தையல் அந்தப் பொந்தையே ஒழிக்கிறது. மெத்தையில் பஞ்சு நகராமல் இடையிடையே குத்தித் தைப்பார்களே, அதுபோல மேல்தோலைக் கீழேயுள்ள தசையோடு கரையும் நூலால் வரிசையாகப் பிடித்துவிடுகிறார்கள். மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் ஊசி போட்டு நீர் எடுக்கவேண்டிய நிலை இதனால் குறைந்தது. அறுவை கொஞ்சம் நீளும், தோலில் சிறு குழிகள் தெரியலாம். என் ஓட்டு இதற்கே. விலை நூலின் விலைதான்.

ஃபைப்ரின் பசை மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து செய்வது, விலையும் அதிகம். மார்பக, கக்கத்து அறுவைகளில் இதைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் அலசல், நீர் கோப்பதை இது குறைக்கவில்லை என்றே சொன்னது. எஸ்டிமேட்டில் இது இருந்தால் எதற்கென்று கேளுங்கள்.

கையை அசைக்காமல் கட்டிப்போடுவதா, உடனே பயிற்சியா என்பது அடுத்த வழக்கு. சீக்கிரமே தோள் பயிற்சி தொடங்கினால் நீர் கூடுதலாக வடிகிறது. கட்டியே போட்டால் தோள் இறுகிவிடும். விரல், மணிக்கட்டு, முழங்கைக்கு முதல் நாளே வேலை கொடுத்து, தோள்மட்டத்துக்கு மேலே தூக்குவதை மட்டும் ஒரு வாரம்போலத் தள்ளிவைப்பது நடுவழி. சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவதற்குத் தோள் உயராது; எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். தண்ணீர்க் குடம் பக்கம் போகவே வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட மேல், வெட்டுவதையே குறைப்பது. மார்பகத்தில் நீலச்சாயம் செலுத்தி, முதலில் நிறமேறும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்த்து, அவற்றில் புற்று இல்லையென்றால் மற்றதை விட்டுவிடும் முறையில் கசிவும் குறைவு, பிற்காலக் கைவீக்கமும் குறைவு. நெறி வீங்கிப் புற்று உறுதியான பின் வருகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிவிடுகிறது.

ட்யூப் எடுத்தபின் கொஞ்சமாக நீர் கோத்தால் உடம்பே இழுத்துக்கொள்ளும். இறுக்கி வலித்தால் ஓ.பி.யிலேயே ஊசியால் எடுப்பார்கள். காய்ச்சலோ, தோல் சிவந்து சூடாவதோ இருந்தால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே கிளம்பவேண்டும்.