தமிழ் விளம்பரப் பாட்டுக்குக் கூப்பிட்டா போக முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

இன்னும் கை நடுங்குது. இண்டைக்குக் காலமை கொழும்பு வெள்ளவத்தையில ஒரு கடையில சாமான் வாங்கிக்கொண்டு நிக்கேக்க ரேடியோவில எங்கட பாட்டுப் போச்சு. நான் மெட்டுப் போட்டு, தங்கச்சி பாடின பாட்டு. "பிராண்ட் வேண்டாம் எண்டிட்டுது" எண்டு ரெண்டு மாசத்துக்கு முதல் எங்களுக்குச் சொல்லப்பட்ட அதே பாட்டு. இதில எங்கட கையால போனது 185,000 ரூபாய். வந்தது ஒரு சதமும் இல்லை.

கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருக்கிற ஒரு விளம்பர நிறுவனம். பேர் போடேல்ல. சாப்பாட்டுச் சாமான் விக்கிற ஒரு பிராண்டுக்கு தமிழ் ஆக்களை வச்சு 45 செக்கன் பாட்டு வேணும் எண்டு வந்தவை.

இஞ்ச தமிழ் விளம்பரப் பாட்டு எப்பிடி வாறதெண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். சிங்களத்துக்குப் போட்ட மெட்டுக்குள்ள தமிழ்ச் சொல்லைப் பிடிச்சு அடைக்கிறது. குறிலை இழுத்து, நெடிலை நசுக்கி, கேட்கவே வயிறு எரியும். ஆனா அந்த நிறுவனத்தில இருந்து வந்த ஆள் முதல் நாளே, "தம்பி, மொழிபெயர்ப்பு வேண்டாம். உங்கட மெட்டு, உங்கட சொல்லு. நாதஸ்வரம் கட்டாயம் வேணும்" எண்டார். 15 வருஷமா கோயில் மேடை, கலியாண வீடு எண்டு வாசிக்கிறன், ஒருத்தரும் என்னட்ட அப்பிடிக் கேட்டதில்லை. டெமோவைக் கண்ணை மூடிக் கேட்டிட்டு, "இன்னொருக்காப் போடுங்கோ" எண்டார். அந்த இடத்திலதான் நான் விழுந்தன். ஒப்பந்தம் எங்க எண்டு கேட்க வாய் வரேல்ல. "சட்டப் பிரிவில இருக்கு, வந்திடும். செலவை இப்ப நீங்கள் பாருங்கோ, ஒலிபரப்பினவுடன எல்லாம் சேர்த்து 450,000" எண்டார். தலையாட்டிப்போட்டு வந்தன்.

ஸ்டூடியோவுக்கும் மிக்ஸிங்குக்கும் 100,000. நாதஸ்வரம், தவில் 50,000. கோரஸ் பிள்ளைகளுக்கு 35,000. அக்காவின்ர காப்பை அடைவு வச்ச காசு அது.

பாட்டை அனுப்பின அடுத்த கிழமையே குரல் மாறிட்டுது. "சேர் மீட்டிங்கில." "கணக்குப் பிரிவில கேளுங்கோ." "45 நாள் ஆகும்." பிறகு 90 நாள். கடைசியா, பிராண்ட் வேண்டாம் எண்டிட்டுதாம். நான் அதையும் நம்பி, பாட்டுப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு தங்கச்சியைத் தேற்றினன்.

கடை வாசலில நிண்டே பிராண்டுக்கு எடுத்தன். "நாங்கள் முழுக் காசையும் அவைக்குக் கட்டியாச்சு, அவையோட கதையுங்கோ." விளம்பர நிறுவனத்து ஆளுக்கு எடுத்தா, "அது நாங்கள் திரும்ப அரேஞ் பண்ணினது. உங்களுக்கும் நல்ல விளம்பரம்தானே தம்பி." என்ர தங்கச்சியின்ர குரல் அதில கேட்குது! 185,000 ரூபாயைப் பற்றிக் கதைக்கத் தொடங்க போனை வச்சிட்டார்.

என்னென்ன செய்யவேணும் எண்டு விபரமா எழுதத்தான் இருந்தனான், இப்ப ஏலாது. பாதிக் காசு கைக்கு வராமல் ஸ்டூடியோ பிடிக்காதேங்கோ. குரல், வாத்தியம் எண்டு தனித்தனியாப் பதிஞ்ச ட்ராக்குகளை அனுப்பவே வேண்டாம். நான் அனுப்பினன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில, பாட்டின்ர உரிமையை இன்னொருத்தருக்கு மாத்திறதெண்டா எழுத்தில, ரெண்டு பக்கமும் கையெழுத்து வைக்கவேணும் எண்டு இருக்கு. நான் ஒண்டிலும் கையெழுத்து வைக்கேல்ல. வாட்ஸ்அப் மெசேஜ், வங்கிச் சீட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு நாளைக்குச் சட்டத்தரணியிட்டப் போறன்.

காப்பை மீட்கிற தவணை அடுத்த மாசம். அக்காவுக்கு இன்னும் சொல்லேல்ல.